அம்மாவை உள்ளே விடுங்கள்

பிரசவ வார்டில் வெகுகாலம் செவிலியராக இருந்தவள் நான். வலி ஏற ஏற முக்கால்வாசிப் பெண்கள் கேட்பது ஒன்றுதான்: “சிஸ்டர், எங்க அம்மாவக் கூப்பிடுங்க.”

தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு ஒரு பெண் உறவினரை அனுமதிக்கும் ஏற்பாடு 2004-லேயே வந்துவிட்டது. 2017-ல் மத்திய அரசின் லக்‌ஷ்யா திட்டமும், 2018-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் அதையே வலியுறுத்தின. ஆனாலும் கூட்டம், இடமில்லை என்று கதவைச் சாத்தும் வார்டுகள் இன்னும் உண்டு. கட்டில்களுக்கு நடுவே திரைச்சீலை தொங்கவிட்டால் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும்.

உள்ளே வரும் அம்மாவுக்கு வேலை சொல்லிக்கொடுக்க வேண்டும். வலி வரும்போது இடுப்பின் அடிப்பகுதியை உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கட்டும்; வலி விட்டதும் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுக்கட்டும். மகளின் மூச்சு நிதானப்படுவதை நாமே பார்க்கலாம். வெளியே ஃபிளாஸ்க்கோடு நிற்கும் கணவரிடம், “கர்ப்பப்பை வாய் நாலு சென்டிமீட்டர் திறந்திருக்கு, குழந்தையோட துடிப்பு நல்லா இருக்கு” என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

அந்த அரை நிமிடம் கிடைக்க, இரவுப் பணிக்குக் கூடுதல் செவிலியர் வேண்டும். வார்டில் கேட்கும் அதட்டலும் பெரும்பாலும் அசதியில் வருவதுதான். ஆனால், கத்துகிற பெண்ணின் தொடையில் அடிப்பதை எந்த அசதியும் நியாயமாக்காது. காலிப் பணியிடங்களை அரசு உடனே நிரப்பட்டும். அடிப்பவர் மீது நடவடிக்கையும் எடுக்கட்டும்.