கோரிக்கை மனு: மன்னார்க் கரைக்கான பாடநெறியும் அதன் அங்கீகாரமும்

அரிப்பு,
முசலி பிரதேச செயலகப் பிரிவு,
மன்னார் மாவட்டம்.

பெறுநர்:
தலைவர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, கொழும்பு.
தலைவர், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, கொழும்பு.

பிரதி: மாவட்ட செயலாளர், மன்னார், பிரதேச செயலாளர், முசலி.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

மன்னார் மாவட்டத்தில் உயர்கல்வியிலும் தொழிற்கல்வியிலும் கற்பிக்கும் விரிவுரையாளர்கள், போதனாசிரியர்கள் ஆகியோரின் சங்கம் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம். ஒரு பாடநெறியை எழுதும் ஆசிரியர் அதை அங்கீகாரம் வரை கொண்டுசேர்க்க இயலவேண்டும். இன்றைய வழியில் அது மிகக் கடினமாக உள்ளது. நாங்கள் வரைந்திருப்பது கரையோர வளப் பராமரிப்புக்கான டிப்ளோமா பாடநெறி ஒன்று.

இம்மனுவை அரிப்பிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இக்கரைக்கு அப்பாலுள்ள முத்துப்பார்கள் பல அரசுகளுக்கு வருமானம் தந்தவை. ஆளுநர் பிரெடரிக் நோர்த் இங்கு கட்டுவித்த மாளிகையின் இடிபாட்டை அலைகள் இன்றும் கரைத்துக்கொண்டிருக்கின்றன. 1891இல் முத்துக்குளிப்பு நடந்தபின் 1903 வரை அடுத்த குளிப்புக்கு வழியில்லாமல் போயிற்று. காரணத்தை ஆராய 1902இல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் வரவழைக்கப்பட்டார். அவரது அறிக்கையை லண்டன் றோயல் சொசைட்டி ஐந்து பாகங்களாக வெளியிட்டது. குஞ்சுச் சிப்பிகள் மணலில் மூடுண்டும், நீரோட்டத்தில் அள்ளுண்டும், மீன்களுக்கு இரையாகியும் அழிவது ஆராயப்பட்டது. 1906இல் பார்கள் ஒரு கம்பெனிக்குக் குத்தகையாகப் போயின. சில ஆண்டுகளிலேயே விளைச்சல் அற்றுப்போயிற்று. இந்தக் கடலைப் பற்றி அவ்வளவு ஆராய்ந்தும், அந்த அறிவு இக்கரைப் பிள்ளைகள் தமிழில் கற்கும் பாடமாக வந்து சேரவில்லை. எங்களை இன்றும் வருத்துவது இதுவே.

இன்றைய தேவை அதைவிடப் பெரிது. இழுவைமடியை 2017இல் சட்டம் தடைசெய்த பின்னரும் கடலடி சிதையும் துயரம் தீரவில்லை. கடலட்டையும் நண்டும் குடும்பங்களின் வருமானமாக உள்ளன. அவற்றின் இனப்பெருக்கக் காலத்தையும், அளவு குறைந்தவற்றைத் திரும்பக் கடலில் விடும் முறையையும், நீரின் தரத்தையும் அளந்து சொல்லத் தெரிந்த உள்ளூர் இளைஞர்கள் வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய பட்டப்படிப்பு துறையில் தொடங்கி, பீடச்சபை, மூதவை, பேரவை ஆகியவற்றைத் தாண்டி மானியங்கள் ஆணைக்குழுவை அடைய வேண்டும். தொழிற்கல்வியிலோ முதலில் நிறுவனம் பதிவுபெற வேண்டும்; தேசியத் தேர்ச்சி நியமத்துக்கு ஏற்பப் பாடத்திட்டம் அமைய வேண்டும்; அதன் பின்னரே பாடநெறி தராதர அங்கீகாரம் பெறும். இந்தப் படிகள் தேவையானவை. தரமில்லாத சான்றிதழால் முதலில் ஏமாறுவது எங்கள் மாணவரே என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் எங்கள் உறுப்பினர் ஒருவரின் முன்மொழிவு ஓர் அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் புதிய குறையொன்றுடன் திரும்பியது. முதல் தடவையிலேயே சொல்லியிருக்கக்கூடிய குறைகள் அவை. இடையில் அவர் இடமாற்றம் பெற்றார். கோவையைப் பொறுப்பேற்க எவரும் இல்லை.

ஆகவே, ஒவ்வொரு படிக்கும் கால எல்லை குறிக்குமாறும், குறைகள் அனைத்தையும் ஒரே தடவையில் எழுத்தில் தருமாறும், ஆசிரியர் மாறினாலும் கோவை நிறுவனத்தின் பொறுப்பில் தொடர்வதை உறுதிசெய்யுமாறும் கேட்டுக்கொள்கிறோம். கோவை எங்கே நிற்கிறது என்பதை அறிவதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தை ஓர் ஆசிரியர் நாடவேண்டிய நிலை வரக்கூடாது.

மிக முக்கியமாக நாங்கள் வலியுறுத்துவது காலத்தைப் பற்றியது. வாடைக்காற்று தணிந்து சோளகம் எழுவதற்கு முன், பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையே இக்கடல் அமைதியாக இருக்கும். முத்துக்குளிப்பும் அக்காலத்திலேயே நடந்தது. செயன்முறைப் பயிற்சி சோளகக் காலத்தில் விழுமாறு தவணை அமைந்தால், மாணவர் கரையில் நின்று கடலைப் பார்ப்பதோடு பயிற்சி முடிந்துவிடும். இலங்கைத் தகைமைச் சட்டகம் ஒரு கிரெடிட்டுக்கு 50 கற்றல் மணித்தியாலங்களை எதிர்பார்க்கிறது. அவை வாரந்தோறும் சமமாகப் பரவவேண்டிய அவசியம் கல்விநோக்கில் இல்லை. கடல் வேலையை அந்த மூன்று மாதங்களில் திரட்டிவைக்க எங்களை அனுமதியுங்கள். பாட அலகொன்றின் வரிசையையோ மாதத்தையோ மாற்றுவதற்காக முழுக் கோவையும் தொடக்கத்திலிருந்து மேலேற வேண்டாம். அத்தகைய சிறு திருத்தங்களைப் பீடச்சபையோ நிறுவனத் தலைமையோ முடிவுசெய்து, பின்னர் அறிவித்தால் போதுமானதாக இருக்கட்டும்.

கடலில் வாழ்நாளைக் கழித்த சம்மாட்டியும் சங்கு குளித்தவரும் பட்டமில்லாதவர்கள் என்பதால் பயிற்சியிலிருந்து விலக்கப்படலாகாது. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை தேசிய தொழிற்றகைமையில் ஏற்கனவே இருக்கிறது. அதன்வழி தகைமை பெற்றவர்களை வருகைதரு போதனாசிரியராக நியமிக்கவும், பாடத்திட்டக் குழுவில் அரிப்பு, சிலாவத்துறைக் கடற்றொழிலாளர் பிரதிநிதிகளைச் சேர்க்கவும் வேண்டுகிறோம். பெண்களும் அக்குழுவில் இருக்க வேண்டும். கருவாடும் நண்டும் பெரும்பாலும் அவர்கள் கையால் சந்தைக்குப் போகின்றன.

தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தினால் அரச கரும மொழியாயிற்று. தேர்ச்சி நியமம், விண்ணப்பப் படிவம், மதிப்பீட்டாளரின் குறிப்பு எல்லாம் தமிழிலும் எங்களுக்குக் கிடைக்க வேண்டும். பாடத்திட்டம் எழுதும் உழைப்பு ஆசிரியரின் வேலைச் சுமையாகக் கணக்கிடப்பட வேண்டும். இன்று அது இரவில் செய்யும் வேலையாக இருக்கிறது.

தேசிய தொழிற்றகைமை 5ஆம், 6ஆம் மட்டங்களுக்குரிய டிப்ளோமாக்களை முடித்தவர்கள், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ யாழ்ப்பாணத்திலோ பட்டப்படிப்பைத் தொடர்வதற்கான இணைப்பு வழியை ஆணைக்குழுக்கள் இரண்டும் சேர்ந்து வகுக்க வேண்டும்.

எங்கள் முன்மொழிவின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளோம். இரு ஆணைக்குழுக்களின் பிரதிநிதிகளும் அரிப்புக்கு வந்து, கற்பிப்போரையும் கடற்றொழிலாளரையும் சந்தித்துப் பேசுவதற்குத் திகதி ஒன்றைக் குறித்து எழுத்தில் அறிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இவ்வண்ணம்,
தலைவர், செயலாளர் மற்றும் சங்க உறுப்பினர்கள்