பொம்மை ரயிலுக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும்?

தோவாளை என்றதும் எல்லோருக்கும் பூச்சந்தைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் நாகர்கோவில் - திருநெல்வேலி ரயில் பாதையும் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. 1981-ல் திறக்கப்பட்ட பாதை. இன்று அதற்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பி இருக்கிறது. ரயிலைப் பார்த்தே வளர்கிற பிள்ளைகளுக்கு மாடல் ரயில் மேல் ஆசை வந்தால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆசை முற்றினால் அடுத்த கட்டம் டெஸ்ட் பெஞ்ச். அதாவது மேஜை மேல் இரண்டடி தண்டவாளம் போட்டு, இஞ்சினைக் கழற்றி, சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு ஓட்டிப் பார்ப்பது. அப்போது வரும் முதல் கேள்வி, இதற்கு எந்த பவர் சப்ளை வாங்குவது?

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவரைக் கேட்டால் பதில் ரெடியாக இருக்கும். "பழைய கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். கிடக்குதே, அதுல 12 வோல்ட் வருமே!" இன்னொருவர் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைக் காட்டுவார். ஆம்பியர் அதிகம் இருந்தால் என்ன, மோட்டார் தனக்கு வேண்டியதைத்தானே எடுக்கும் என்பது இவர்கள் வாதம்.

நல்ல இஞ்சினுக்கு இந்த வாதம் சரிதான். ஆனால் டெஸ்ட் பெஞ்சுக்கு நல்ல இஞ்சின் எங்கே வருகிறது? கோளாறு உள்ளதுதானே வரும்!

கணக்கைப் பார்ப்போம். பரவலாக உள்ள எச்.ஓ. வகை மாடல், நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். 12 வோல்ட் டி.சி.யில் ஓடும். நல்ல நிலையில் உள்ள இஞ்சின் பெரும்பாலும் அரை ஆம்பியருக்குள்தான் எடுக்கும். இப்போது ஒரு சக்கரம் தடம் புரண்டு இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.எம்.பி.எஸ். 15 ஆம்பியர் தரக்கூடியது என்றால் 12 x 15 = 180 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஏழை ஒன்றாகச் சேர்த்து வைத்த சூடு! இஞ்சினுக்குள் இருப்பதோ நூல் போன்ற ஒயர்களும் பிளாஸ்டிக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் ஷார்ட் பாதுகாப்பு உண்டே என்பார்கள். உண்டு, ஆனால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக வைத்தது. 15 ஆம்பியரை அது ஷார்ட் என்றே நினைக்காது. இன்வெர்ட்டர் பேட்டரி இதைவிட மோசம், ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்.

மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ரிப்பேருக்கு வந்த மிக்ஸியையோ ஃபேனையோ அவர்கள் நேராக பிளக்கில் சொருகுவதில்லை. சீரீஸ் பல்பு வழியாகத்தான் கொடுப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், அவ்வளவுதான், எதுவும் கருகாது. டெஸ்ட் பெஞ்சுக்கு வேண்டியதும் இதே தத்துவம்தான். சப்ளையின் வேலை இஞ்சினை ஓட்டுவது மட்டும் இல்லை, தப்பு நடந்தால் கரண்டைக் கொடுக்க மறுப்பதும்தான்.

டிஜிட்டல் முறையான டி.சி.சி.யிலும் இதே கதைதான். அமெரிக்காவின் என்.எம்.ஆர்.ஏ. வகுத்த தர விதிகளில், புதிதாக டிகோடர் பொருத்திய இஞ்சினை புரோகிராமிங் தண்டவாளத்தில் வைக்கும்போது தொடர்ந்து பாயும் கரண்டுக்கு 250 மில்லி ஆம்பியர்தான் வரம்பு. ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தாலும் டிகோடர் பிழைக்கட்டும் என்பதற்காக.

ஆகவே வாங்க வேண்டியது, வோல்ட்டையும் கரண்டையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் 0-30 வோல்ட், 3 ஆம்பியர் பெஞ்ச் சப்ளை. கல்லூரி லேபில் எல்லோரும் பார்த்ததுதான். இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, கரண்ட் குமிழை அரை ஆம்பியரில் நிறுத்தி, பிறகு இஞ்சினை வைக்க வேண்டும். வோல்ட் குமிழை மட்டும் 12-க்கு மேல் திருப்பக் கூடாது. இதில் இன்னொரு லாபம் மீட்டர். வழக்கமாக 0.2 ஆம்பியர் எடுக்கும் இஞ்சின் திடீரென்று 0.4 எடுத்தால், கியரில் அழுக்கோ, எண்ணெய் வறட்சியோ, காந்தம் பலம் குறைந்ததோ என்று கழற்றாமலே சந்தேகப்படலாம். டாக்டருக்கு நாடி மாதிரி.

இதற்குச் சில ஆயிரம் ஆகுமே என்றால், நியாயமான கேள்விதான். ஆனால் வெளிநாட்டு இஞ்சின் ஒன்றும் பல ஆயிரம்தான். கருகினால் அதன் பாகம் நாகர்கோவில் கடையில் கிடைக்காது. அப்படியும் பணம் இல்லை என்றால் 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று வாங்கி, அதன் ஒரு ஒயரில் பைக் இண்டிகேட்டரின் 10 வாட் பல்பை சீரீஸில் போடலாம். ஷார்ட் ஆனாலும் 0.8 ஆம்பியருக்குச் சற்று மேல்தான் போகும், பல்பும் எரிந்து காட்டிக்கொடுக்கும். இஞ்சின் வேகம் கொஞ்சம் குறையும். சோதனைக்கு அது போதும்.

செய்யவே கூடாத ஒன்று உண்டு. டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல், ஒரு கெபாசிட்டரை வைத்து 230 வோல்ட்டைக் குறைக்கும் சர்க்யூட்டுகள். மலிவான எல்.இ.டி. விளக்குகளுக்குள் இருப்பவை. மீட்டரில் 12 வோல்ட் காட்டும், ஆனால் தண்டவாளத்துக்கும் மெயின்ஸுக்கும் நடுவில் தடுப்பு கிடையாது. கோயில் கொடைக்குக் கட்டும் சீரியல் செட்டில் ஷாக் அடிப்பது போலத்தான். 1925-ல் ஹார்ன்பி கம்பெனி வெளியிட்ட முதல் மின்சார ரயிலிலேயே மெயின்ஸ் மின்சாரத்தை ஒரு பல்பு வழியாக நேராகத் தண்டவாளத்துக்குக் கொடுக்கும் வகை இருந்தது. ஆபத்து புரிந்ததும் அதைக் கைவிட்டு, குறைந்த வோல்ட்டுக்கு மாறிவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய தப்பை இன்று மேஜை மேல் திரும்பச் செய்ய வேண்டுமா? பல்பு கரண்டைத்தான் கட்டுப்படுத்தும், தொடுபவரைக் காப்பாற்றுவது டிரான்ஸ்ஃபார்மர்தான். இரண்டும் வேண்டும்.

தோவாளை ரயில் பாதையிலும் மேல்கம்பி அறுந்து விழுந்தால் துணைமின் நிலையத்தில் பிரேக்கர் கண் இமைப்பதற்குள் விழுந்துவிடும். அவ்வளவு பெரிய ரயிலுக்கே அந்த ஏற்பாடு. கடையில் எல்லோரும் "எத்தனை ஆம்பியர் தரும்?" என்றுதான் கேட்கிறார்கள். டெஸ்ட் பெஞ்சுக்கு வாங்குபவர் கேட்க வேண்டியது, "எத்தனை ஆம்பியரில் நிறுத்தலாம்?"