எழுத்தெண்ணத் தெரியாத கருவி

சென்ற தவணையில் ஒரு நாள், ஆறாந் தரத்து மாணவி ஒருத்தியின் இலக்கணக் கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணம் என்னுஞ் சொல்லில் எத்தனை எழுத்துக்கள் உள்ளன என்பது வினா. அவள் முதலில் 6 என எழுதியிருக்கின்றாள். பின்னர் அதனை அழித்துவிட்டு 11 என எழுதியிருக்கின்றாள். அழித்த இடத்திற் பழைய விடையின் சுவடு நன்றாகத் தெரிந்தது.

"சரியாகத்தானே எழுதியிருந்தாய், பிள்ளை? ஏன் அழித்தாய்?" என்று கேட்டேன்.

"கைத்தொலைபேசியிற் பார்த்தேன், ஐயா. அது 11 என்று சொன்னது" என்றாள்.

யா, ழ், ப், பா, ண, ம் என விரல் மடக்கி எண்ணிக் காட்டினேன். ஆறு விரல்கள் மடங்கின. அவளும் எண்ணினாள், ஆறுதான் வந்தது. ஆயினும் அவள் முகத்தில் ஐயம் நீங்கவில்லை. ஆசிரியன் சொல்லையும் தன் விரலையும் ஒரு தட்டில் வைத்து, கருவியின் சொல்லை மற்றத் தட்டில் வைத்து நிறுக்கின்றாள் அக்குழந்தை. கருவியின் தட்டே தாழ்கின்றது. அன்று கண்ட அந்த முகமே இதனை எழுத என்னைத் தூண்டியது.

அந்தச் செயலியை ஆக்கியவன் வேற்றான் அல்லன். என்னிடந் தமிழ் படித்த மாணாக்கன். சிறுவர்கள் விளையாட்டாகத் தமிழெழுத்தைப் பயிலட்டும் என்ற நல்லெண்ணத்தோடு, ஊதியங் கருதாது செய்தவன். அழைத்தேன்; வந்தான்.

"ஐயா, கணினி எண்ணுவதிற் பிழைவிடாது. 11 என்றால் அங்கே 11 இருக்கத்தான் செய்யும்" என்றான்.

"இருக்கட்டும், தம்பி. எவை பதினொன்று?" என்றேன்.

அவன் உடனே விடை கூறவில்லை. மடிக்கணினியைத் திறந்தான். அன்று மாலை முழுவதும் நாம் இருவரும் அந்த ஒரு வினாவையே ஆராய்ந்தோம். அவனிடம் யான் கற்றவை சில. என்னிடம் அவன் கற்றவை சில. இரண்டையுஞ் சேர்த்தே இங்கு எழுதுகின்றேன்.

இன்று கணினியிலும் கைத்தொலைபேசியிலும் வழங்குந் தமிழ், யூனிக்கோடு எனப்படும் ஒருங்குறி முறையில் அமைந்தது. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுத்த இஸ்கி என்னும் முறையைத் தழுவியே தமிழுக்குரிய பகுதியும் அமைக்கப்பட்டது. அதில் உயிர் 12க்குந் தனித்தனி இடமுண்டு. மெய்க்குத் தனியிடமில்லை. அகரமேறிய க, ங, ச முதலியவற்றுக்கு இடமுண்டு, காலுக்கும் கொம்புக்கும் ஏனைய உயிர்க்குறிகளுக்கும் இடமுண்டு, புள்ளிக்கு ஓரிடமுண்டு. ஆகவே, க என்பது ஓரிடம் பெறும். க் என்பது ஈரிடம் பெறும்.

இலக்கணம் இதற்கு நேர்மாறானது. மெய் முன்னது; அதனோடு உயிர் கூடியே உயிர்மெய் பிறக்கும். க் என்பது தனியெழுத்து; க என்பது க், அ என்னும் இரண்டன் கூட்டம். நமக்குக் கூட்டமாவது கருவிக்கு ஒன்று. நமக்கு ஒன்றாவது கருவிக்குக் கூட்டம்.

இப்பொழுது யாழ்ப்பாணத்துக்கு வருவோம். யா, ழ், ப், பா, ம் என்னும் ஐந்தும் ஈரிடம் பெறுவன. ண ஒன்றே ஓரிடம் பெறுவது. ஆகப் பதினொன்று. கருவி பொய் சொல்லவில்லை. எழுத்தை எண்ணென்றால் இடத்தை எண்ணிற்று. 'தலை எத்தனை?' என்று கேட்டவனுக்குத் தலையையுந் தலைப்பாகையையுஞ் சேர்த்து எண்ணிச் சொன்னவன் கதைபோல ஆயிற்று.

இதில் வியப்பு யாதெனின், நிரல்மொழிகள் தம்முள்ளும் ஒத்துப்போவதில்லை. யாழ்ப்பாணம் என்னுஞ் சொல்லின் நீளத்தைப் பைதன் மொழியிற் கேட்டால் 11 என்னும். கோ என்னும் மொழியிற் கேட்டால் 33 என்னும். ஒவ்வோரிடமுஞ் சேமிப்பில் மும்மூன்று பைட்டுக் கொள்ளுதலின், அது பைட்டை எண்ணுகின்றது. ஐபோன் செயலிகளுக்கு வழங்குஞ் சுவிஃப்ட் மொழியிற் கேட்டால் 6 என்னும். ஒரு வினா, மூன்று விடை. எந்த விடை தனக்கு வேண்டியது என்பதை நிரல் எழுதுவோனே அறிந்து தெரிதல் வேண்டும். அதனை அறிவதற்கு, எழுத்தென்றால் யாதென அவன் முன்னரே கற்றிருத்தல் வேண்டும்.

எண்ணிக்கையோடு இது நிற்பதில்லை. விகடகவி என்னுஞ் சொல், முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் ஒன்றே என்பது சிறுவரும் அறிந்தது. இடத்தை எழுத்தென மயங்கிய நிரல் அதனைத் திருப்பினால், ஈற்றிலுள்ள இகரக்குறி தன் மெய்யை விட்டுத் தனியே முன்வந்து நிற்கும். 'விகடகவி இருவழியும் ஒக்குஞ் சொல் அன்று' எனக் கருவி தீர்ப்புச் சொல்லும். பெயருக்கு 15 இடம் போதுமெனக் கருதி அமைத்த படிவம், பாலசுப்பிரமணியம் என்னும் பெயரின் ஈற்றுப் புள்ளியை விழுங்கிவிடும். எழுத்தோ பத்து, இடமோ 16.

அகரவரிசையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஒருங்குறி அட்டவணையில் ந என்பதற்கு அடுத்து ன. ர என்பதற்கு அடுத்து ற. ள என்பதற்குப் பின் ழ. அதற்கும் பின் வ. புள்ளியோ உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னே கிடக்கின்றது. அவ்வரிசையையே தமிழ் வரிசையெனக் கொண்டு நிரல் எழுதினால், வகுப்பு இடாப்பிற் பிள்ளைகளின் பெயர் இடம்மாறி நிற்கும். அகராதியிற் பக்கம் முன்னும் பகல் பின்னும் வரவேண்டும். கருவி பகலை முன்னே கொணர்ந்து பக்கத்தைப் பின்னே தள்ளும். கருவியில் அகராதி பார்த்துப் பழகிய பிள்ளை, அச்சிட்ட அகராதியைக் கையிலெடுத்தால் திகைக்கும்.

இவற்றுக்கு வழியில்லையோ எனின், உண்டு; அரிதும் அன்று. நாம் அன்று மாலை வகுத்த விதிகள் நான்கு.

முதலாவது: எண்ணுதற்கும், வெட்டுதற்கும், திருப்புதற்கும் முன்னர்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துக்கொள்க. இடமிருந்து வலமாகச் செல்லும்போது உயிரோ அகரமேறிய மெய்யோ வந்தால் புதிய எழுத்துத் தொடங்கிற்று எனக் கொள்க. புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் முன்னெழுத்தோடு சேர்க்க. உயிர்க்குறி 11, புள்ளி 1. இவ்வளவே. பைதனில் இதற்கென ஓப்பன் தமிழ் என்னும் நிரற்றொகுதி உண்டு. இக்காலத்து இணைய உலாவிகள் சொல்லை எழுத்தாகப் பிரிக்கும் வசதியைத் தம்முள்ளேயே கொண்டுள்ளன. ஆய்தத்தில் மட்டும் விழிப்பு வேண்டும். ஒருங்குறி அட்டவணை அதனை விசர்க்கம் எனப் பெயரிட்டுக் குறிகளோடு கூறுகின்றது. பெயரை நம்பி முன்னெழுத்தோடு சேர்த்தால், அஃது என்பது மூன்றெழுத்தாகாது இரண்டெழுத்தாய்விடும்.

இரண்டாவது: ஒப்பிடுமுன் ஒருவடிவாக்குக. கொ என்பதைக் ககரமும் ஒகரக்குறியுமாக எழுதலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கருவிக்கு வேறு. ஒருங்குறியின் இயல்பாக்க முறை இவ்விரண்டையும் ஒன்றாக்கும். ஆனால் ஔவையார் என்பதில் ஔகாரத்துக்கு ஈடாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடித்துவைப்பார் பலர். அதனை இயல்பாக்கம் திருத்தாது. ளகரமும் ஓர் எழுத்தன்றோ? தேடும் நிரலே இருவகையையும் எதிர்பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது: வரிசைப்படுத்தும்போது வெறும் இடவெண்ணை நம்பாது, தமிழ் என மொழி சுட்டி வரிசை கேட்க, பெற்ற வரிசையை அகராதியோடு ஒப்புநோக்குக.

நான்காவது: செயலியை ஊருக்குக் கொடுக்குமுன் தமிழ்ச் சொற்களாற் சோதிக்க. ஆங்கிலப் பெயரிட்டுச் சோதித்துவிட்டுத் தமிழுக்குந் தகும் எனக் கொள்ளற்க. க்ஷ, ஸ்ரீ என்பன ஒன்றுபோலத் தோன்றினும் பொதுமுறையில் இவ்விரண்டாகப் பிரியும்; அவற்றை எவ்வாறு கொள்வதென முன்னரே துணிக.

"அட்டவணையே பிழையெனின் அதனையன்றோ மாற்றவேண்டும்?" எனச் சிலர் வினவுவர். நேர்மையான வினாவே. உயிர்மெய் ஒவ்வொன்றுக்குந் தனியிடம் வகுத்த அனைத்தெழுத்துக் குறிமுறை ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியோடு அதனையும் ஏற்றது. எனினும் உலகத்துக் கைத்தொலைபேசிகள் ஒருங்குறியையே பேசுகின்றன. உலகெங்குந் தமிழர் எழுதிக் குவித்தவையும் அதிலேயே உள்ளன. வீட்டு வாசல் தாழ்வாயின், வீட்டை இடிக்கும்வரை வெளியே நிற்பார் இல்லை; குனிந்து புகுவர். விதி நான்கையுங் கற்றல் அக்குனிதலே.

குற்றம் நிரல் எழுதும் இளைஞருடையது என்று கூறி முடித்துவிடலாம். அவ்வாறு கூற என் மனம் ஒப்பவில்லை. பாதிக் குற்றம் எம்முடையது.

ஏட்டுக்காலத்தில் ஓலை கிழியுமென அஞ்சிப் புள்ளியின்றி எழுதினர். படிப்போர் அறிவினாற் புள்ளி பெய்து படித்தனர். ஏட்டிலிருந்து அச்சுக்குத் தமிழ் வந்தபோது, அந்த அறிவுடையார் அச்சுக்கூடத்துக்கே சென்றனர். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரம் நிறுவினார். பிழையறப் பதிப்பித்தலைத் தவமாகக் கொண்டார். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கி 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றினார். அச்சுக்கோப்போன் அறிவான் என அவர்கள் வீட்டில் இருந்துவிடவில்லை. இன்று அச்சிலிருந்து கருவிக்குத் தமிழ் பெயர்கின்றது. நாவலர் வழியினர் என்று கூறிக்கொள்ளும் யாம் எங்கே நிற்கின்றோம்? 'அது பொறியியலாளர் வேலை' என்று ஒதுங்கி நிற்கின்றோம். தொல்காப்பியத்து எழுத்ததிகாரத்தைப் பரீட்சைக்குப் படித்தோம். அது ஒரு நிரலுக்கு அடிப்படையாகும் என நினைத்தோமில்லை.

இவ்வூருக்கு இவ்விடயத்திற் சிறப்பான கடன் உண்டு. 1981ஆம் ஆண்டில் எமது பொதுநூலகம் எரிந்தது. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகத் திட்டத்தார், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவிற் காத்துவருகின்றனர். காத்த நூல் தேடியபோது அகப்படவேண்டும். ஔவையாரைத் தேடும் மாணவிக்கு, எழுத்து மாறிப் பதிந்த காரணத்தால், எந்தத் தேடுபொறியிலும் நூல் அகப்படாது போமாயின், அவளளவில் அந்நூல் இல்லாததே. எரியாத நூலும் இல்லாத நூலாகலாமோ?

ஆதலின் இருசாராரிடமும் ஒன்று கேட்கின்றேன். தமிழ்ச் செயலி செய்வோரே, வெளியிடுமுன் ஒரு தமிழாசிரியரைத் தேடிச் செல்லுங்கள். தமிழாசிரியர்களே, வருகின்றவனை இருத்தித் தேநீர் கொடுத்து, எழுத்தின் இலக்கணத்தை அவனுக்கு விளங்குமாறு சொல்லுங்கள். அவன் சொல்வதையுங் கேளுங்கள். யான் என் மாணாக்கனுக்கு நூறு சொற்களை விடையோடு எழுதிக் கொடுத்தேன். அஃது, ஔவை, விகடகவி, பாலசுப்பிரமணியம் எல்லாம் அதில் உண்டு. முதல் நாள் அவன் செயலி அவற்றுட் பெரும்பாலானவற்றில் தவறிற்று. இரண்டு வாரத்தின்பின் நூறுஞ் சரியாயின.

புதிய செயலியை அந்த மாணவியிடங் கொடுத்தோம். யாழ்ப்பாணம் என அடித்தாள். 6 என வந்தது. சற்றே சிந்தித்தாள்.

"முந்தி ஏன் ஐயா அது பிழையாகச் சொன்னது?" என்று கேட்டாள்.

"அதற்கு ஒருவருஞ் சொல்லிக்கொடுக்கவில்லை, பிள்ளை" என்றேன். அவள் கொப்பியை எடுத்து, 11ஐ அழித்து, முன் எழுதிய இடத்திலேயே 6 என எழுதினாள்.