தண்டவாளம் யாருக்குச் சொந்தம்?

இரயில் சேவையில் தனியார் நுழையலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். பொதுத் தண்டவாளத்தில் கட்டணம் செலுத்தித் தனியார் நிறுவனம் தன் இரயிலை ஓட்டுவது ஒன்று. தண்டவாளத்தையே தனியாரிடம் ஒப்படைப்பது வேறு.

மலேசியாவில் கேடிஎம் 1992-இல் நிறுவனமாக்கப்பட்டது. அது இரயில்களை ஓட்டுகிறது. தண்டவாளமும் நிலமும் இரயில்வே சொத்துக் கழகத்தின் உடைமை. இரண்டும் அரசாங்கத்துடையவையே. ஆகவே தனியார் இரயில் ஓட வேண்டுமென்றால்கூட, பாதையை விற்கத் தேவையில்லை.

பாதையை விற்றால் என்னவாகும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. அங்கே தண்டவாளங்களை வைத்திருந்த ரயில்ட்ராக் நிறுவனம் 1996-இல் பங்குச் சந்தைக்குப் போனது. 2000 அக்டோபரில் ஹாட்ஃபீல்டில் தண்டவாளம் உடைந்து இரயில் தடம்புரண்டதில் 4 பேர் இறந்தனர். அந்தத் தண்டவாளத்தில் விரிசல் இருப்பது முன்பே தெரிந்தும் உரிய காலத்தில் மாற்றப்படவில்லை. மறு ஆண்டே நிறுவனம் நொடித்தது. 2002-இல் பங்குதாரர் இல்லாத நெட்வர்க் ரயில் பாதைகளை ஏற்றது.

அதே பிரிட்டனில் கட்டணம் செலுத்தி ஓடும் தனியார் இரயில்களால் நன்மையும் உண்டு. 2007 முதல் கிராண்ட் சென்ட்ரல் நிறுவனம் சண்டர்லாந்திலிருந்து லண்டனுக்கு நேரடி இரயில் விடுகிறது. ஆனால், இத்தகைய நிறுவனங்கள் இலாபம் தெரியும் தடத்தைத்தான் தேடி வரும்.

நமது கவலையும் அங்கேதான். கிம்மாஸ்–தும்பாட் பாதையில் பகாவ், மெந்தகாப், கோல லிப்பிஸ் போன்ற ஊர்கள் இருக்கின்றன. தோட்டத்திலிருந்து மருத்துவமனைக்கும் பட்டணத்துக்கும் போகிறவர்களை நம்பி எந்த முதலாளி அங்கே வண்டி விடுவார்? கூட்டம் நிறைந்த தடங்களின் வருமானம் தனியாருக்குப் போய்விட்டால், இந்த ஊர்களின் சுமை மட்டும் கேடிஎம் தலையில் விழும்.

கோலாலம்பூரின் ஸ்டார், புத்ரா எல்ஆர்டி தடங்களைத் தனியார் கட்டினார்கள்; கடனை அடைக்க முடியவில்லை. 2002-இல் அரசாங்கம் அவற்றை ஏற்றது. இலாபம் என்றால் அவர்களுக்கு, கடன் என்றால் நமக்கு என்ற கதைதான்.

செந்தூல் பட்டறையிலும் தண்டவாள ஓரங்களிலும் நம் தாத்தாக்கள் வியர்வை சிந்தினார்கள். தனியார் இரயில் வரட்டும், தவறில்லை. ஆனால், பாதை பொதுவுடைமையாகவே இருக்க வேண்டும். செலுத்தும் கட்டணம் பராமரிப்புக்குப் போதுமானதா, சிறிய நிலையங்களுக்கு அதில் பங்கு உண்டா? ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே இந்த இரண்டு கேள்விகளையும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்போம்.