மடக்கை இடைவெளியும் மறக்கப்படும் கணிதமும்

"எண்களைக் கணனி அடுக்கித் தரும்; அவை எவ்வாறு அடுக்கப்படுகின்றன என்பதை மாணவன் அறிய வேண்டியதில்லை" என்றொரு கருத்து விஞ்ஞான மாணவரிடையே வேரூன்றி வருகின்றது. அது தவறானது மட்டுமன்று, தீங்கானதுமாகும்.

மனிதச் செவி ஏறத்தாழ 20 தொடக்கம் 20,000 ஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களைக் கேட்கும். இவ்வீச்சைச் சம இடைவெளியில் 31 புள்ளிகளாற் பகுப்போமாயின், முதலாவது புள்ளி 20, இரண்டாவதோ 686. இடையில் மீடிறன் ஐந்து முறை இரட்டிப்பதை நமது அளவீடு காணாமலே தாண்டிவிடும். மடக்கை இடைவெளியிலோ ஒவ்வோர் எண்ணும் முந்தியதன் ஏறத்தாழ 1.259 மடங்காகும், ஒவ்வொரு பத்து மடங்கு வளர்ச்சிக்கும் பத்துப் படிகள் கிடைக்கும். இது பாடசாலையிற் கற்ற பெருக்கல் விருத்தியேயன்றி வேறன்று.

ஆயின், கருவிகளை ஆக்கியோர் இவ்வெளிமையைப் பேணினரா? பைதன் மொழிக்குரிய நம்பை தொகுதியிலுள்ள 'லொக்ஸ்பேஸ்' என்னும் சார்பு எல்லைகளைக் கேட்பதில்லை. அவற்றின் சுட்டிகளையே கேட்கின்றது. 1 முதல் 100 வரை வேண்டி அவ்வெண்களையே இடுபவனுக்கு, 10 முதல் பத்தின் நூறாம் அடுக்கு வரையான எண்கள் எவ்வித எச்சரிக்கையுமின்றி வந்து சேரும். மட்லபிலும் இதே வழக்குத்தான். அங்கு ஒரு விசித்திரமும் உண்டு: இரண்டாவது எண்ணாகப் 'பை' இடப்படின், அது மட்டும் சுட்டியாகாது எல்லையாகவே கொள்ளப்படும்! எல்லைகளை நேரே ஏற்கும் 'ஜியோம்ஸ்பேஸ்' நம்பையிற் சேர்ந்தது 2017 இலேதான்.

"கையேட்டைப் படித்தாற் போதுமே" என்பர் சிலர். சுட்டி யாதென உணராதவனுக்குக் கையேட்டினாற் பயன் யாது? அவன் பூச்சியத்திலிருந்து தொடங்கவும் முயல்வான். பூச்சியத்தை எவ்விகிதத்தாற் பெருக்கினும் பூச்சியமே என்பது அவன் நினைவுக்கு வாராது. பிழையான எண்களையும் கணனி தயங்காது வரைபாக்கும். மடக்கை அச்சில் அவ்வரைபும் ஒழுங்காகவே தோன்றும். ஒழுங்காகத் தோன்றும் பிழையே ஆய்வுக்குப் பெரும்பகை.

கருவிகளைத் துறக்குமாறு நாம் கூறவில்லை. விரிவுரையாளர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. கருவியைக் கையளிக்குமுன் மாணவனை ஒரு வரி எழுதச் செய்யுங்கள்: இறுதி எண்ணை முதலெண்ணால் வகுத்து, புள்ளிகளின் தொகையிலும் ஒன்று குறைந்த மூலத்தைக் காண்பதே பொது விகிதம். அவ்வொரு வரியைத் தன் கையால் எழுதியவனைக் கருவி ஏமாற்றாது. எழுதாதவனோ கருவியை ஆள்பவனல்லன், அதனால் ஆளப்படுபவனே.