பழைய வேனின் பாகமும் திறப்பும்: கைவிடக் கூடாத வியாபாரம்

வாகன உதிரிப்பாக வியாபாரத்தில் உள்ள நமது சகோதரர்கள் மத்தியில் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்து விடப்பட்டுவிட்டது. இனிப் பழைய வண்டிகளின் சாமானுக்குக் கிராக்கி இருக்காது. இராக்கையில் கிடப்பதை இரும்பு விலைக்காவது தள்ளிவிட்டு, புதிய வண்டிகளுக்கான சாமானை அடுக்க வேண்டும் என்பதே அந்தப் பேச்சு.

இது அவசரப் பேச்சு என்பதே என் கருத்து. பழைய வேன்களை, அதிலும் குறிப்பாக வீட்டு வசதியோடு மாற்றியமைக்கப்பட்ட கேம்பர் வேன்களை உதாரணமாக வைத்து இதைச் சொல்ல விரும்புகிறேன்.

இறக்குமதி திறந்தது உண்மை. ஆனால் வரிகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு புதிய வேனின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. பாவித்த வாகனங்களை இறக்குவதற்கு வயதெல்லையும் உண்டு. ஆகவே இருபது, முப்பது வருடப் பழைய வண்டி வேண்டும் என்பவர் ஏற்கனவே நாட்டில் ஓடுவதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். நாம் 'டொல்பின்' என்று அழைக்கும் டொயோட்டா ஹயஸ், 1989இல் ஜப்பானில் அறிமுகமான வடிவம். அதற்கு முந்தியது 'ஷெல்'. இவை இன்றும் நமது வீதிகளில் ஓடுகின்றன. ஸ்கூல் வேனாகவும் பயணிகள் வேனாகவும் ஓடிய வண்டிகள் சில, இப்போது கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி பூட்டப்பட்டு, உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்குப் போகின்றன. வொல்க்ஸ்வேகன் கொம்பி வைத்திருப்பவர்களும் ஆங்காங்கே இருக்கிறார்கள்.

இப்படியான வண்டியின் சொந்தக்காரர் ஒரு சாதாரண கிராக்கி அல்ல. அவருக்கு வேண்டிய சாமான் பத்துக் கடையில் கிடைக்காது. கிடைக்கும் கடையை அவர் மறக்கவும் மாட்டார்.

ஒரு வண்டி, இரண்டு வியாபாரம்

கேம்பர் வேனை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கீழே இருப்பது வண்டி. மேலே இருப்பது வீடு.

என்ஜின், கியர் பொக்ஸ், பிரேக், ஷொக் அப்சோபர் எல்லாம் அதே மொடலின் சாமான் ஏற்றும் வேனில் உள்ளவைதான். வண்டியின் சரியான மொடல் இலக்கம் தெரிந்தால் இந்தப் பாதியைத் தேடுவது அவ்வளவு கஷ்டமல்ல.

கஷ்டம் மேல் பாதியில்தான். வெளிநாட்டில் தயாரான கேம்பர் வேன்களில் வீட்டுப் பாகத்தை அநேகமாக வாகனக் கம்பனி செய்வதில்லை. கொம்பிக்கு உள்வேலை செய்ததில் பேர் போனது ஜேர்மனியின் வெஸ்ட்பாலியா. குளிர்சாதனப் பெட்டி டொமெட்டிக் ஆக இருக்கலாம். ஹீட்டர் ட்ரூமா ஆக இருக்கலாம். வெளிக்கூடாரம் இத்தாலியின் பியாமா ஆக இருக்கலாம். வாகனத்தின் பெயரைச் சொல்லி இவற்றைத் தேடினால் வருடக்கணக்கில் தேடினாலும் கிடைக்காது. பொருளைக் கழற்றி, அதன் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்க வேண்டும்.

உள்ளூரில் மாற்றிய வண்டிகளுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. ஜன்னல் ரப்பரும் அலுமினியச் சட்டமும் பஸ் பொடி கட்டுபவர்களிடம் கிடைக்கும். 12 வோல்ட் தண்ணீர்ப் பம்பும் கொக்கிகளும் படகுச் சாமான் விற்கும் கடைகளில் இருக்கும். பஞ்சிகாவத்தையில் இல்லை என்றால் நாட்டிலேயே இல்லை என்று கையை விரிப்பதை விட, நீர்கொழும்பில் படகுச் சாமான் கடையில் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புபவனே வியாபாரி. அடுத்த முறை அந்த வாடிக்கையாளர் முதலில் அவனிடம்தான் வருவார்.

ஆனால் கேஸ் விடயத்தில் 'இது போதும்' என்ற பேச்சே கூடாது. பழைய ஜேர்மன் கேம்பர் வண்டிகளின் அடுப்புகள் பல 50 மில்லிபார் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை. பின்னால் வந்தவை 30 மில்லிபார். ரெகுலேட்டர் அடுப்போடு ஒத்துப்போக வேண்டும். மூடிய வேனுக்குள் மனிதர்கள் தூங்குகிறார்கள். அடுப்பின் தகட்டைப் பார்க்காமல் ரெகுலேட்டர் கொடுப்பது வியாபாரமல்ல.

பெயரை அல்ல, இலக்கத்தைக் கேளுங்கள்

'ஹயஸுக்கு வோட்டர் பம்ப் ஒன்று தாங்க' என்று கேட்டு வருபவருக்கு உடனே பெட்டியைத் தூக்கிக் கொடுக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும். எந்த ஹயஸ்? 2எல் என்ஜினா, 3எல் என்ஜினா, 5எல் என்ஜினா? பழைய வண்டியில் முன்னாள் சொந்தக்காரர் என்ஜினை மாற்றியிருக்கவும் கூடும். ஆகவே செஸி இலக்கம் மட்டும் போதாது. என்ஜினில் அடித்திருப்பதையும் பார்க்க வேண்டும். மாற்றிய என்ஜினை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்தீர்களா என்று கேட்டு வைப்பதும் நன்று. அது அவருக்கும் பாதுகாப்பு, நமக்கும் பாதுகாப்பு.

டொயோட்டாவின் பாக இலக்கம் ஐந்து ஐந்தாகப் பிரிந்த பத்து இலக்கங்கள். முதல் ஐந்து அது என்ன வகைப் பாகம் என்பதைச் சொல்லும். வொல்க்ஸ்வேகனில் மூன்று மூன்றாக வரும். 211 என்று தொடங்கினால் அது பழைய கொம்பிக்குரியது. 214 என்றால் வலது பக்க ஸ்டியரிங் உள்ள வண்டிக்கென்றே செய்தது. நமது நாட்டில் இந்த வித்தியாசம் முக்கியம். 1967இல் வந்த கொம்பி வடிவத்தின் தயாரிப்பு ஜேர்மனியில் 1979இல் நின்றது. பிரேசிலில் 2013 இறுதி வரை ஓடியது. அதனால் பிரேசில் பாகங்கள் உலகச் சந்தையில் இருக்கின்றன. ஆனால் அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். 2005 இறுதியிலிருந்து என்ஜினும் தண்ணீரால் குளிரும் என்ஜினாக மாறிவிட்டது. இது தெரியாமல் ஓர்டர் கொடுத்தால் காசும் போய்விடும், வாடிக்கையாளரும் போய்விடுவார்.

இலக்கம் தெரிந்தவனுக்கு இன்னொரு வாசலும் திறக்கிறது. ஒரே சாமான் பல பெயரில் வரும். மஸ்தா பொங்கோ வேனே நிசான் வெனட் என்ற பெயரிலும் மிட்சுபிஷி டெலிகா என்ற பெயரிலும் விற்கப்பட்ட காலம் உண்டு. கூரை எழும்பும் பொங்கோ ப்ரெண்டீ 1995 முதல் 2005 வரை தயாரான வண்டி. பிரித்தானியாவில் கேம்பர் வேனாக மிகவும் விரும்பப்படுவது. அதன் 2.5 லீட்டர் டீசல் என்ஜின், மஸ்தா பி2500, போர்ட் ரேஞ்சர் டபிள் கெப் வண்டிகளின் என்ஜின் வகையைச் சேர்ந்தது. வேனுக்கு இல்லை என்ற கெஸ்கட் டபிள் கெப்புக்கு இருக்கலாம். எல்லாம் பொருந்தும் என்று அர்த்தமல்ல. இலக்கத்தை இலக்கத்தோடு வைத்துப் பார்த்தால் எது பொருந்தும் என்பது தெரிந்துவிடும்.

திறப்பு ஓர் அமானிதம்

கேம்பர் வேன்காரர்கள் அடிக்கடி அலையும் இன்னொரு விடயம் திறப்பு. ஒரு வண்டிக்கு எத்தனை திறப்பு! ஸ்டார்ட் செய்ய ஒன்று, கதவுக்கு ஒன்று, எண்ணெய்த் தாங்கி மூடிக்கு ஒன்று, தண்ணீர் ஊற்றும் வாய்க்கு ஒன்று, வெளிப்பெட்டிக்கு ஒன்று. பழைய வண்டியில் ஒருவர் ஸ்டார்ட்டர் பூட்டை மாற்றியிருப்பார், இன்னொருவர் பின்கதவுப் பூட்டை மாற்றியிருப்பார்.

தேய்ந்த திறப்பை வைத்து கொப்பி வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே கொப்பியாகும். அந்தக் கொப்பியிலிருந்து இன்னொன்று வெட்டினால் பூட்டு திரும்பாது, அல்லது உள்ளே முறியும். சரியான வழி இலக்கத்தைக் கொண்டு வெட்டுவது. பழைய வண்டிகள் பலவற்றில் திறப்பின் இலக்கம் வண்டியோடு வந்த சிறு தகட்டிலோ, திறப்பிலோ, கதவுப் பூட்டின் உள் உருளையிலோ அடிக்கப்பட்டிருக்கும். எல்லாத் திறப்பும் தொலைந்தாலும், கதவுப் பூட்டைக் கழற்றிப் பார்த்தால் வழி பிறக்கலாம். வீட்டுப் பாகத்துப் பூட்டுகள் பலவற்றில் முகத்திலேயே இலக்கம் இருக்கும். அதைக் கொடுத்து வெளிநாட்டிலிருந்து திறப்பு எடுக்கலாம். மிகப் பழைய வண்டிகளுக்கு வெறும் இரும்புத் திறப்பு போதும். 90களின் நடுப்பகுதிக்குப் பின்னர் வந்தவற்றில் சில்லு இருக்கலாம். அப்படியானால் இரும்பை மட்டும் வெட்டிக் கொடுத்தால் கதவு திறக்கும், என்ஜின் ஓடாது. இதை வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இதெல்லாம் தொழில் நுட்பம். அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. திறப்பு வெட்டுபவரின் கையில் இன்னொருவரின் சொத்து முழுவதும் இருக்கிறது. வாடகைக்கு எடுத்த வேனின் திறப்பைக் கொண்டுவந்து இரண்டு கொப்பி கேட்பவரும் உண்டு. பூட்டோடு வந்து, திறப்பு தொலைந்துவிட்டது என்பவரும் உண்டு. பதிவுச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பாருங்கள். பெயரையும் வண்டி இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். 'கிராக்கி கோபித்துக்கொள்வார்' என்று சிலர் தயங்குகிறார்கள். உண்மையான சொந்தக்காரர் கோபிக்க மாட்டார். தன் வண்டிக்கு வேறு யாரும் இப்படித் திறப்பு வெட்ட முடியாது என்று சந்தோஷப்படுவார். கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும். ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்க்காக ஒரு களவுக்குத் துணை போனவர் என்ற பெயரை நாம் வாங்க வேண்டியதில்லை.

நனைந்ததை மேலே வையுங்கள்

உணவுத் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதையும், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியிடம் கேட்டதையும் நாம் அனைவரும் ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். உதிரிப்பாகக் கடையில் அந்த ஈரம் எது? பாவித்த பாகத்துக்கு பெயின்ட் அடித்துப் புதியது என்பது. கொப்பியை ஒரிஜினல் பெட்டியில் போடுவது. இருபது வருடம் இராக்கையில் கிடந்து இறுகிப்போன ரப்பரை 'பாவிக்காத ஒரிஜினல்' என்று விற்பது. கடைசியில் சொன்னதில் பொய் இல்லை என்று சிலர் வாதிடலாம். பாவிக்காதது உண்மைதான், ஆனால் பிரேக் சிலிண்டரின் ரப்பர் பாவிக்காமலேயே பழுதாகும் என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எல்ல பக்கத்து இறக்கத்தில் ஒரு குடும்பத்தோடு அந்த வேன் இறங்கும்போது அந்த வித்தியாசம் ஓர் உயிரின் பெறுமதி.

கொப்பி விற்பது பாவமல்ல. பாவித்தது விற்பதும் பாவமல்ல. பில்லில் எழுதி விற்க வேண்டும். 'ஒரிஜினல்', 'கொப்பி', 'பாவித்தது' என்ற மூன்று சொல்லில் ஒன்று ஒவ்வொரு பில்லிலும் இருக்கட்டும். பிரேக், ஸ்டியரிங் பாகங்களில் ரப்பர் பழையதாக இருந்தால், ரப்பர் மாற்றிப் பூட்டவும் என்றும் எழுதுங்கள்.

காசு முடங்குகிறதே?

இது நியாயமான கேள்வி. இராக்கையில் கிடக்கும் சாமான் முடங்கிய முதல்தான். வியாபாரப் பொருளுக்கு ஸகாத்தும் உண்டு; மெதுவாகப் போகும் சாமானை எப்படிக் கணக்கிடுவது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வைத்துக்கொண்டிருங்கள் என்று நான் சொல்லவில்லை. எதை விடுவது, எதை வைப்பது என்பதை அறிந்து செய்யுங்கள் என்கிறேன்.

சீனாவிலும் தாய்லாந்திலும் இன்றும் தயாராகும் பில்டர், பெயாரிங் போன்றவற்றைக் குவித்து வைக்கத் தேவையில்லை, வேண்டும்போது எடுக்கலாம். இனி யாரும் தயாரிக்காத கதவுக் கைபிடி, ஜன்னல் வழி, பூட்டுத் தொகுதி, விளக்குக் கண்ணாடி ஆகியவற்றை இரும்பு விலைக்குப் போடாதீர்கள். இரும்புக் கடையில் அதற்குக் கிடைப்பது கிலோக் காசு. தேடி வருபவரிடம் அதற்கு ஒரு நியாய விலை இருக்கிறது. தேடி வருகிறார் என்பதற்காகக் கழுத்தை நெரிக்கவும் வேண்டாம். தேவைப்பட்டவனின் அவசரத்தில் எடுக்கும் இலாபத்தில் பரக்கத் இருக்காது.

ஒரு மழை நாளில் கடைப் பையன்களை வைத்து இராக்கையை இறக்கி, ஒவ்வொன்றின் இலக்கத்தையும் எழுதி எடுங்கள். அந்தப் பட்டியலைப் பக்கத்துக் கடைக்காரரோடும் பகிருங்கள். குருநாகலில் கிடக்கும் ஒரு பூட்டைக் கல்முனையில் ஒருவர் தேடிக்கொண்டிருக்கலாம். இறக்கித் தர வேண்டிய சாமான் என்றால் முற்பணம் வாங்கி, எத்தனை நாள் ஆகும் என்பதை எழுதிக் கொடுங்கள். சொன்ன நாளில் வராவிட்டால் நீங்களாகவே போன் பண்ணிச் சொல்லுங்கள்.

புதிய வண்டிகளின் சாமானைப் பணம் உள்ள எவரும் இறக்கலாம். கம்பனிகளே காட்சியறை போட்டு விற்கும். ஒரு பழைய வேனின் எந்தப் பூட்டுக்கு எந்தத் திறப்பு, எந்த என்ஜினுக்கு எந்தக் கெஸ்கட் என்ற அறிவைப் பணத்தால் இறக்க முடியாது. அது நமது தகப்பன்மார் கவுண்டரில் நின்றே சேர்த்த முதல். அதைக் கிலோ கணக்கில் விற்றுவிடாமல் அடுத்த தலைமுறையின் கையில் கொடுப்பது நமது பொறுப்பு. அல்லாஹ் நமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.