அகிம்சைப் பட்டு: எந்தப் புழு, எந்த நூல்?

காஞ்சிபுரம் சேலையின் வழவழப்புக்குக் காரணம், மல்பெரிக் கூட்டிலிருந்து அறுபடாமல் வரும் ஒற்றை இழை. அது ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளும். அதற்காகவே கூட்டுப்புழுவை உள்ளேயே ஆவியிலோ வெந்நீரிலோ கொன்றுவிடுகிறார்கள். பூச்சி துளைத்துக்கொண்டு வெளியேறினால் இழை துண்டு துண்டாகும். பஞ்சைப்போல் நூற்கத்தான் முடியும். புழுவைக் கொல்லாமல், பூச்சி வெளியேறியபின் எடுக்கும் அகிம்சைப் பட்டு மினுமினுப்புக் குறைந்து சற்றே சொரசொரப்பாக இருப்பது அதனால்தான். அதைத் தரக்குறைவு என்று ஒதுக்குவது அநியாயம். அசாமின் எரி பட்டில் கொலையே இல்லை என்பார்கள் சிலர். அதன் கூடு ஒருமுனை திறந்தது, எப்படியும் நூற்கப்படுவது, இதெல்லாம் உண்மைதான். ஆனால் எரி கூட்டுப்புழு அங்கே பலர் விரும்பி உண்ணும் உணவு. ஆகவே ‘எரி’ என்ற பெயர் மட்டும் சான்றாகாது. பூச்சி பறந்தபின் எடுத்த கூடுதானா என்பதையும் விற்பவர் சீட்டில் எழுதியே ஆகவேண்டும்.